கூப்பிட்டால் வராத பூனை

இராஜாக்கமங்கலத்தில் ஜாஸ்பினைக் கூப்பிடத் தொண்டை கிழியக் கத்த வேண்டாம். ஒரு தடவை பேரைச் சொன்னால் போதும். அடுப்பில் மீன் கொதித்தாலும் சரி, தலையில் பாதிதான் எண்ணெய் தேய்த்திருந்தாலும் சரி, "இந்தா வாறேன்" என்று ஓடிவந்து நிற்பாள். கிணற்றில் பூனை விழுந்ததா, கூப்பிடு ஜாஸ்பினை. பைக்கில் அடிபட்டு நாய் கிடக்கிறதா, அதற்கும் ஜாஸ்பின்தான். இவளைப் பைத்தியம் என்று சிரிக்கிற ஊர்தான், காரியம் வந்தால் முதல் ஆளாக இவள் வாசலில் வந்து நிற்கும்.

இதில் ஒரு கேடு உண்டு. நம்ம பக்கத்தில் உச்சி நேரத்திலும் அந்தி மயங்கும்போதும், ஆள் முகம் தெரியாமல் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டாலும் மாட்டார்கள். மூன்றாவதும் கூப்பிட்டால் அது மனுஷன். மற்றதுக்கு மூன்றாவது கூப்பாடு வராது. இதெல்லாம் அஞ்ஞானம் என்று பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை முழங்குவார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுப் போகிற சபைக்காரர்களும் வீட்டில் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் கதவைத் திறப்பார்கள்.

ஜாஸ்பினும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தாள். அவள் அம்மை லீலாபாய் வாதம் வந்து கட்டிலில் விழுந்த பிறகுதான் எல்லாம் மாறிப்போனது. அந்த மனுஷிக்கு ஒரே ஒரு தடவை கூப்பிடத்தான் உடம்பில் சீவன் இருந்தது. "ஏட்டி ஜாஸ்பினே..." என்று ஒரு இழுவை. அத்தோடு மூச்சு வாங்கும். மூன்றுக்குக் காத்திருந்தால் நடக்கிற காரியமா அது? முதல் கூப்பாட்டுக்கே ஓடி ஓடி, வருஷக்கணக்கில் அது கால்களுக்குப் பழகிப்போனது. போன பங்குனியில் அம்மை போய்ச் சேர்ந்தாள். புருஷன் ஜான்ரோஸ் மஸ்கட்டில். பிள்ளை குட்டி இல்லை. அந்த இழுவையில் கூப்பிட இனி உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்பது ஜாஸ்பினுக்குத் தாங்க முடியாத குறையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு அடுத்தாற்போல ராஜகுமாரின் பழைய கயிற்றுக் கொட்டகை. அதில்தான் தெருவில் கிடக்கிற பூனைகளைக் கொண்டுவந்து வைத்து, மருந்து கொடுத்து, தேறியதும் வீடு பார்த்து அனுப்புவாள். இப்போது ராஜகுமார் இடத்தை விற்றுவிட்டான். ஆடி முடிவதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டான். ஜாஸ்பின் அலையாய் அலைந்து எல்லாப் பூனைக்கும் வீடு பிடித்துவிட்டாள், சாம்பி ஒன்றைத் தவிர.

சாம்பல் நிறம், ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கும், சிறுநீரகம் கெட்டுப்போனது. காலையும் மாலையும் மாத்திரையைப் பொடித்துச் சாளை மீனில் பிசைந்து வைக்க வேண்டும். வெளியே விட்டால் ஓணம் வரைக்கும்கூடத் தாங்காது. சாக்கு மூட்டைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்ளும், ஆள் கை பட விடாது. கூப்பிட்டால் வரவே வராது. செவிடோ என்று டாக்டரிடம் காட்டினாள். "காதுக்கு ஒரு கேடும் இல்ல. நல்லாக் கேக்கும். வரத்தான் மாட்டேங்குது" என்று அவர் சிரித்தார். கொண்டுபோன வீட்டுக்காரர்கள் எல்லாம் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நாகர்கோவில் சுபிதா, கூடையைத் தொம்மென்று தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எக்கா, கூப்பிட்டா ஏறிட்டும் பாக்கல்ல. ஆனா யாரும் இல்லாத பக்கமா காதைத் திருப்பி வச்சுட்டு இருக்கு. எனக்குப் பயமாட்டு இருக்கு."

வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஜான்ரோஸுக்குப் பூனை முடி பட்டால் இழுப்பு வரும். "கொட்டகையில எத்தனை வேணும்னாலும் வளத்து. வீட்டுக்குள்ள ஒண்ணும் ஏறப்பிடாது" என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னவன். சவத்து மூதி, உன்னை எங்கே கொண்டு தள்ளுவேன் என்று ஜாஸ்பின் மூட்டைக்குப் பின்னால் பார்த்து அழுகையும் கோபமுமாகக் கேட்டாள். ஒற்றைக் கண் மட்டும் மின்னியது.

அப்போதுதான் அந்த போன் வந்தது. ஆரல்வாய்மொழியிலிருந்து வைகுண்டராஜன் என்று ஒரு பெரியவர். பெண்சாதி இறந்து தனியாக இருக்கிறாராம். நோயைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை.

"பூனை கூப்பிட்டா வருமா?" என்றார்.

பொய் சொல்ல நாக்கு துடித்தது. "வராது அண்ணாச்சி. ஒரு நாளும் வராது" என்றாள்.

"அப்பம் எனக்கு அதுதான் வேணும்" என்று போனை வைத்தார்.

கூடையில் சாம்பியும் பையில் மாத்திரையுமாக ஜாஸ்பின் பஸ் ஏறினாள். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. ஊருக்கு வெளியே, கரண்டு எடுக்கிற காற்றாடிகளுக்கு நடுவில் ஒற்றையாய் ஒரு வீடு. தலைக்கு மேல் இறக்கைகள் ஹூங் ஹூங்கென்று சுற்றிக்கொண்டிருந்தன. பெரியவர் நெற்றியில் வெள்ளை நாமம். முன்னறையில் நிலைக்கண்ணாடி வைத்து, முன்னால் விளக்கு. அய்யாவழிக்காரர்கள் கும்பிடுவது அந்தக் கண்ணாடியைத்தான். அதில் வீட்டின் பின்வாசல் அப்படியே தெரிந்தது. பின்வாசலுக்கு அப்பால் தோட்டத்துக் கடைசியில், அவர் பெண்சாதி பகவதியை வடக்குப் பார்த்து உட்கார்த்தி அடக்கியிருந்தார்கள்.

கூடையைத் திறந்ததும் சாம்பி கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. மாத்திரை கொடுக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் கவனமாகத்தான் கேட்டார். நல்ல மனுஷன், இங்கே இது பிழைத்துக்கொள்ளும் என்று அவளுக்கு மனசு நிறைந்தது. ஒன்றுதான் உறுத்தியது.

"கூப்பிட்டா வராத பூனை உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது காற்று நின்றது. ஆடி மாசத்தில், நட்ட நடு உச்சியில், சொல்லிவைத்தது போல நின்றது. வெளியே காற்றாடிகள் ஒவ்வொன்றாக அசைவில்லாமல் நின்றன. அந்த அமைதியில் பின்வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஏட்டி ஜாஸ்பினே..."

அதே இழுவை. முடிவில் அதே மூச்சு வாங்கல். அவள் யோசிக்கவில்லை, யோசிக்கக் கால்கள் விடவில்லை. "இந்தா வாறேம்மா!" என்று எழுந்தாள்.

பெரியவர் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, மறுமொழி சொல்லிட்டியே பிள்ளே! போவாத!"

ஓரடி வைத்திருப்பாள். பாதத்தில் வெதுவெதுப்பாக ஏதோ ஏறியது. சாம்பி. ஒரு நாளும் மனுஷர் மேல் படாத அந்தப் பூனை, கட்டிலுக்கடியிலிருந்து வந்து அவள் இரண்டு பாதத்தின் மேலும் குறுக்கே படுத்திருந்தது. உடம்பு அசையவில்லை. காதுகள் மட்டும் பின்வாசல் பக்கம் திரும்பியிருந்தன. ஜாஸ்பின் கண்ணாடியைப் பார்த்தாள். திறந்த பின்வாசலும் வெயிலும்தான் தெரிந்தன.

காற்று மறுபடி வீசி, இறக்கைகள் சுற்றத் தொடங்கின.

"உனக்கு யாரு குரல் கேட்டுது?" என்றார் பெரியவர்.

"எங்க அம்மை."

"எனக்குப் பகவதி. எப்பவும் அவதான்." அவர் தரையில் உட்கார்ந்தார். "இந்தக் கூப்பிடுத சத்தம் மொதல்ல தோவாளையில எனக்க அண்ணன் வீட்டுல இருந்துது. அண்ணி செத்தப்பம் துட்டி கேக்கப் போனேன். உச்சியில பின்னால பகவதி குரல். அவளும் செத்து ஒரு மாசம்தான் ஆயிருந்துது. என்னாதுன்னு கேட்டுட்டேன். அதோட அங்க நின்னுபோச்சு. எனக்க கூட இஞ்ச வந்துட்டு. மறுமொழி சொன்னவங்க கூடத்தான் அது போவும்."

"நாய் ஒண்ணு வளத்தேன்" என்று தொடர்ந்தார். "முத சத்தத்துக்கே வாலை ஆட்டிட்டு ஓடிச்சு. கழுத்து வாரு மட்டும் வேலியில கெடந்துது. நான் ஒத்தையில இருந்தா என்னைக்காவது நானும் எழும்பிப் போயிருவேன் மக்கா. பக்கத்துல ஒரு உயிரு கேட்டுட்டும் அசையாம இருந்தா, அதப் பாத்து நானும் இருந்துருவேன்னு நெனச்சேன்."

கூடையை எடுத்து அவரே சாம்பிக்கு முன்னால் வைத்தார். அது தானாக ஏறிக்கொண்டது. ஜாஸ்பினுக்கு அதைவிடப் பயம் தந்தது வேறொன்றும் இல்லை.

"கொண்டு போ. இனி எனக்கு வேண்டாம். உனக்குத்தான் வேணும்." சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். "அது அவ இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் குரல் அவளுக்க குரல்தானே. இனி அதுவும் கேக்காது பாத்துக்கோ."

"நாளைக்கு போன் பண்றேன் அண்ணாச்சி" என்றாள். "அய்யா உண்டு மக்கா" என்று வாசல்வரை வந்து நின்றார்.

அன்று சாயங்காலம் போனில் ஜான்ரோஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேலி பண்ணுவான், இல்லாவிட்டால் ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ, "பூனை வீட்டுக்குள்ளயே நிக்கட்டும். எனக்க இழுப்புக்கு நான் மருந்து கொண்டு வாறேன்" என்றான். நம்பவில்லை என்று சொல்கிறவனும் மூன்றாவது கூப்பாட்டுக்குக் கதவு திறக்கிற ஊர்க்காரன்தானே.

மறுநாள் உச்சி. அடுக்களையில் உட்கார்ந்து சாளை அறுத்துக்கொண்டிருந்தாள். வெளியே தென்னை ஓலைகள் அசைவதை நிறுத்தின. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி ஜாஸ்பினே..."

கையிலிருந்த மீன் விழுந்தது. வாய்க்குள் "இந்தா வாறேன்" வந்து நின்றது. பயம் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. பின்வாசலைத் தாண்டினால் அம்மை இருப்பாள், தலையணையைச் சரியாக வைக்கச் சொல்வாள். ஜாஸ்பின் தரையில் கையூன்றினாள். சாம்பி மீனை விட்டுவிட்டு வந்து அவள் பாதத்தின் மேல் படுத்தது. காதுகள் பின்வாசல் பக்கம் திரும்பின. அது போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் போகவில்லை.

"ஏட்டி ஜாஸ்பினே..."

இரண்டாவது கூப்பாடு. அதே குரல், அதே இழுவை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜாஸ்பின் ஊன்றிய கையை எடுத்தாள். அவள் அம்மைக்கு இரண்டாவது தடவை கூப்பிடச் சீவன் கிடையாது.

மூன்றாவது வரவில்லை. ஓலைகள் அசைந்தன. சாம்பி எழுந்து விழுந்த மீனை முகர்ந்தது, அதன் முதுகில் அவள் கை வைத்ததற்கு ஒன்றும் செய்யவில்லை. அம்மை செத்துப்போனாள் என்பதை ஜாஸ்பின் அன்றைக்குத்தான் முழுசாக நம்பினாள். மீன் நாறுகிற கையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.