எதிர்க்காத்தான்

கம்பம் ரோட்டில் உத்தமபாளையம் தாண்டிப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். இடதுகைப் பக்கம் வருகிற காய்கறி மண்டி என்னுடையது. வாசலில் நிற்கிற ஆறு லாரியும், பின்னால் மலையடிவாரம் வரை தெரிகிற திராட்சைப் பந்தலும் என்னுடையவைதான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பேங்கில் என் கையெழுத்தைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தார்கள்; இன்று அதே கையெழுத்துக்கு எழுந்து நாற்காலி போடுகிறார்கள். ஒருத்தர் கையையும் பிடிக்காமல் தனியாளாக ஏறி வந்தேன் என்றுதான் மேடைக்கு மேடை சொல்லி வருகிறேன். ஆனால் ஆடி பிறந்து, மேற்கு மலைச் சந்திலிருந்து இறங்குகிற காற்று மண்டித் தகரத்தைத் தடதடவென்று ஆட்டும்போது, என் கையில் விரால் மீனின் வழும்பு நாறும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு வாக்கில் எனக்குப் பன்னிரண்டு வயசு, அண்ணன் முருகேசனுக்கு இருபது. அண்ணன் லாரியில் கிளீனர். குமுளி மலை வளைவு ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம். அடுத்த மாசம் லைசென்சுக்கு எழுதிப்போட இருந்தான்.

ஆடிக் காற்றில் எங்கள் ஊர்க் கண்மாயில் தூண்டில் போடுகிறவர்கள் எல்லாரும் மேற்குக் கரையில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்காருவார்கள்; வீசுகிற முள்ளைக் காற்றே கொண்டுபோய்ப் போடும். அலையும் நுரையும் மூஞ்சியில் அடிக்கிற கிழக்குக் கரைக்கு ஒருத்தரும் போவதில்லை. நான்தான் கவனித்தேன். காற்று தள்ளுகிற பூச்சியும் பொடிமீனும் அந்தக் கரையில் போய்த்தான் ஒதுங்குகின்றன. அதைத் தின்கிற விரால் மட்டும் வேறு எங்கே இருக்கும்? இந்த யோசனை என்னுடையது. கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

"ஏலே, அங்கன நின்னு வீசுனா முள்ளு உன் மூக்குலதான்டா மாட்டும்" என்று கரையிலிருந்த பெரியாட்கள் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சிரிக்கட்டும். வாடா, நான் வாரேன்" என்றான்.

தவளைக்குஞ்சைக் கோத்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் ஏறியது. நான் குதித்த குதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அண்ணன் எனக்குப் பின்னால் குனிந்து, அதைப் பனைநாரில் கோத்துக்கொண்டிருந்தான். வீசுமுன் "தூண்டி!" என்று கத்த வேண்டும், பின்னால் நிற்கிறவன் தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். அந்த நேரம் பார்த்து, முன்னதைவிடப் பெரிசாக ஒன்று நுரைக்குள் புரண்டது. நான் கத்தவில்லை. வீசினேன். காற்று தூண்டில் நரம்பை மடக்கிப் பின்னால் கொண்டுபோனது. கையில் ஒரு இழுப்புத் தெரிந்தது. மீன் கடித்துவிட்டது என்று நினைத்து, முழுப் பலத்தோடு சுண்டினேன்.

மீன் இல்லை. அண்ணனுடைய வலது கண்.

கண்ணில் துண்டை அமுக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தபோது அவன் சொன்னான்: "வீசினது நான். கம்பு என் கையில இருந்துச்சு. வெளங்குதா?"

"அண்ணே..."

"அய்யா உன்னையக் கொன்னே போடுவாக. என்னைய வஞ்சதோட விட்ருவாக. மூடிட்டு வா."

மதுரை ஆஸ்பத்திரியிலும் கண் தேறவில்லை. லைசென்சுப் பேச்சு அதோடு முடிந்தது. "வீம்புக்கு எதிர்க்காத்துல நின்னவன்" என்று எங்களைப் பெற்ற அய்யா சாகிற வரைக்கும் அவனை வைதார். ஊர் அதையே சுருக்கி "எதிர்க்காத்தான்" என்று பட்டம் வைத்தது. டீக்கடையில் அப்படிக் கூப்பிட்டால், "என்னப்பா?" என்று சிரித்துத் திரும்புவான். நான் தனியாக இருக்கும்போது அழுதால், "உன் மூஞ்சிய ரெண்டு கண்ணாலயும் பாக்க முடியாதுடா, ஒண்ணே சாஸ்தி" என்பான்.

பிறகு நான் லாரி வாங்கினேன். அவன் அதில் லோடு ஏற்றினான், தார்ப்பாய் கட்டினான். விடியக்காலையில் டிரைவர் வருமுன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கில் கை வைத்திருப்பான். வண்டி நகராது. டிரைவர் வந்ததும் இறங்கிவிடுவான்.

போன தை மாசம் இறந்துபோனான். சாவு வீட்டுப் பந்தலில் ஒருத்தர், "பாவம், எதிர்க்காத்தான். வீம்புல கண்ணைத் தொலைச்ச மனுசன்" என்றார். பக்கத்திலிருந்த நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

இன்று கிழக்குக் கரைக்குச் சிமெண்டு போட்டுவிட்டார்கள். கண்மாயில் விரால் இல்லை. விடியக்காலையில் இன்ஜின் சத்தம் கேட்டால் டிரைவர் வந்துவிட்டான் என்று அர்த்தம், அவ்வளவுதான். காற்று மட்டும் அப்படியே வருகிறது.

மண்டியும் லாரியும் என்னுடையவை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இதையும் என் கணக்கில் சேர்க்க வேண்டும். அன்றைக்கு வீசியது நான். கத்தாமல் விட்டது நான். சுண்டியதும் நான். அந்தப் பட்டப்பெயர் எனக்கு உரியது. இனி யாராவது எதிர்க்காத்தான் என்று சொன்னால், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் திரும்புகிறேன்.