ஆறிடிச்சு சார்

புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். தொண்ணூறுகளில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடலோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தேன். ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் நின்றவர்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் சொன்னால் புரியும்.

காப்பித்தூள்

சதுரங்கப்பட்டினத்து மீன்காரர் தேசிங்கு, ஐம்பது வயது, சர்க்கரைக்காரர். கெளுத்தி முள் பாதத்தில் குத்தி மூன்று மாதமாக ஆறவில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, அதற்கு மேல் காப்பித்தூள் என்று அப்பிக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் கழுவினேன். சுற்றிலும் வீங்கிச் சிவந்து, தொட்டால் கொதித்தது. இத்தனை நாள் என்னய்யா பண்ணினாய் என்று கத்தினேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"வலிக்கவே இல்ல சார், அப்புறம் எப்டி இது புண்ணு?"

போகாத ஆட்கள்

டாக்டரம்மா நல்லவர். தேசிங்கையும் அவர் சம்சாரம் கஸ்தூரியையும் உட்கார வைத்துச் சொன்னார். காயம் பட்டால் உடம்பு அங்கே ஆள் அனுப்பும். அவர்கள் வேலை செய்வதால்தான் வீக்கம், சிவப்பு, சூடு. கிருமியையும் செத்த சதையையும் அள்ளிவிட்டு அவர்கள் சில நாளில் கிளம்ப வேண்டும், அப்புறம்தான் புதுச் சதை கட்டுகிறவன் வருவான். சர்க்கரைக் காலில் முதலில் வந்தவர்கள் கிளம்புவதே இல்லை, புதுச் சதையையும் சேர்த்து அள்ளிவிடுவார்கள். அதனால்தான் மாசக்கணக்கில் சூடும் போகாது, புண்ணும் மூடாது.

தேசிங்கு தலையாட்டினார். கஸ்தூரிதான் புரிந்துகொண்டாள்.

"இடிக்க வந்தவன் வூட்ட விட்டுப் போவல, கட்ட வர்றவனுக்கு எடமில்ல. அதானே மேடம்?"

காலை ஊன்றாதே

ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னோம். வந்தார். மாத்திரையும் ஒழுங்காகப் போட்டார். ஒரு மாதத்தில் சிவப்பு குறைந்து, ஓரத்தில் ரோஸ் நிறத்தில் சதை எட்டிப் பார்த்தது. இந்தக் கால் பிழைத்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு அந்தச் சந்தோஷமெல்லாம் அடிக்கடி கிடைக்காது. காலை மட்டும் ஊன்றாதே என்றேன்.

"ஊனாம கட்டுமரத்த எப்டி தள்றது? நீ வந்து தள்றியா சார்?"

அன்றைக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். அவசரத்தில் கட்டை முடிந்துகொண்டே சொன்னேன்: "சூடு போனாத்தான்யா ஆறும். சூடு போவணும், அவ்ளோதான்." டாக்டரம்மா அத்தனை பொறுமையாகச் சொன்னதை நான் ஒரே வரியில் சுருக்கிவிட்டேன். சோறும் ஆறும், புண்ணும் ஆறும். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே.

ஐஸ் பெட்டி

அப்புறம் இரண்டு வாரம் ஆளைக் காணோம். வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. கஸ்தூரி மீன் வைக்கிற ஐஸ் பெட்டியில் தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சூடு போக வேண்டுமாம். மரத்துப்போன கால், ஐஸ் கடித்தது அவருக்கு எப்படித் தெரியும்? கட்டைப் பிரித்தேன். மூன்று விரல் கருத்துப்போயிருந்தது. அவர் என் கையைப் பிடித்துப் பாதத்தின் மேல் வைத்தார்.

"ஆறிடிச்சு சார். தொட்டுப் பாரு, சில்லுனு கீது."

மூடிய புண்

டாக்டரம்மா அன்றைக்கே செங்கல்பட்டுக்கு அனுப்பினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கஸ்தூரி வந்து என் சட்டையைப் பிடிப்பாள் என்று பயந்துகொண்டே வேலைக்குப் போனேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வந்து கேட்டது ஒன்றுதான்.

"ஆறும்னா சில்லுனு ஆவறதுதான சார்? வேற இன்னா அர்த்தம்?"

மூன்று மாதம் கழித்துத் தேசிங்கே கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு வந்தார். நான் உள்ளே போய்விடப் பார்த்தேன், விடவில்லை. வேட்டியை ஒதுக்கி, வெட்டின இடத்தைக் காட்டினார். தழும்பு சுத்தமாக மூடியிருந்தது. அந்த மனுஷனுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இந்தவாட்டி நெஜமாவே ஆறிடிச்சு சார், தொட்டுப் பாரு."

அதற்கப்புறம் ரிட்டையர் ஆகிறவரை புண் 'மூடும்' என்றுதான் சொன்னேனே தவிர 'ஆறும்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அதற்கும் 'இந்தாளுக்குத் தமிழே வராது' என்று பேர் வாங்கினதுதான் மிச்சம்.