தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் எட்டு போல்ட்டுகள்

எட்டு போல்ட்டுகளை ஐந்து மாதம் ஒளித்து வைத்திருந்தேன். அதனால் ஒரு மனிதர், தம் கண்ணால் கடைசியாகப் பார்க்க ஆசைப்பட்ட ஒன்றைப் பார்க்காமலே போனார்.

இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதால் இருக்கலாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர், மனைவியை இழந்த வங்காளிப் பெரியவர். நான் அவரை ‘மேசோமஷாய்’ என்பேன், நம் சித்தப்பா முறை. அவர் என்னை ‘பௌமா’ என்பார், மருமகளே என்று பொருள்.

அவருடைய கொட்டகையில், அடுக்கிய செங்கற்களின்மேல் ஒரு கார் நின்றது. யுத்தத்துக்கு முந்தைய ஆங்கிலேயக் கார். கல்யாணமான புதிதில் மனைவியை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்த கார்!

“இதை ஓட வைத்துவிடு, சுந்தரம். அப்புறம் உனக்கே. என் கண் இருக்கும்போது ஒரே ஒரு முறை ஏரியைச் சுற்றிக் காட்டு, போதும்” என்று என் கணவரிடம் சொன்னார். பெரியவருக்குக் கண்ணில் கிளாக்கோமா. ஓரங்களிலிருந்து பார்வை உள்வாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இது எனக்குத் தெரியும்... தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

என் கணவர் ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். திருநெல்வேலிக்காரர். மணமாகி நான்கு ஆண்டுகளில் அவர் என்னோடு பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். கோபமில்லை, வெறுப்பில்லை. பேச்சு வராத மனிதர், அவ்வளவுதான்.

இஞ்சினை அவரே பிரித்தார், கழுவினார், மாட்டினார். ஒன்றே ஒன்றில் மாட்டிக்கொண்டார். பிஸ்டன் தண்டுகளைப் பிடித்திருக்க வேண்டிய எட்டு போல்ட்டுகளும் யாரோ ஒரு மெக்கானிக் எந்தக் காலத்திலோ அடித்துத் திணித்த தப்பான போல்ட்டுகள். சரியானது எங்கும் இல்லை. அந்த இஞ்சினைச் செய்த தொழிற்சாலை முதலில் பிரெஞ்சுக்காரர்களுடையதாம். அதனால் போல்ட்டின் தலை ஆங்கில அளவு, மரை பிரெஞ்சு அளவு! ஹவுராவில் கடைசல் பிடித்துச் செய்து பார்த்தார். இறுக்கும்போதே ஒன்று முறிந்தது.

“தேடித்தான் ஆகணும்” என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, “நீயும் வர்றியா? இவனுங்க பேசுறது எனக்குப் பாதி புரியல” என்றார்.

நான் கல்கத்தாவிலேயே பிறந்தவள். வங்காளமும் இந்தியும் என் நாக்கில் தண்ணீர் போல ஓடும். தமிழ்தான் புத்தகம் படித்துக் கற்றது. நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவருக்கு நான் தேவைப்பட்டேன்!

சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை முடிந்ததும் கிளம்புவோம். மல்லிக் பஜாரில் பழைய பாகங்கள் குவிந்த சந்துகள், கிடர்பூரில் உடைத்த கப்பல்களின் இரும்பு விற்கும் கடைகள்... சரியான நட் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்து நான் வைத்திருப்பேன். கடைக்காரர் ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துத் தர, நட்டை அதில் திருகிப் பார்ப்போம். இரண்டு சுற்றில் இறுகிவிடும். இல்லையென்றால் லொடலொடவென்று ஆடும்.

“உங்க வீட்டுக்காரருக்கே மரை கழண்டுடுத்து” என்று பக்கத்து வீட்டு மாமி சிரித்தாள். அதை அவரிடம் சொன்னேன். டிராமில், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதுவரை நான் கேட்டதே இல்லை! அதன்பிறகு பேச ஆரம்பித்தார். தம் அம்மாவைப் பற்றி, ஆற்றில் மூழ்க இருந்த கதை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது கால் நடுங்கியது... எல்லாம்.

துர்கா பூஜை முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஆபீசில் தட்டச்சு வேலை எனக்கு. மதியம் தெருவில் போகும்போது ரஹீம் பாய் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு முறை போய்க் கேட்ட பழைய இரும்புக்கடைக்காரர்.

“தீதி, மில் கயா!” கிடைத்துவிட்டது, அக்கா என்றார்.

எண்ணெய்த்தாளில் சுற்றிய பொட்டலம். கைக்குட்டையை அவிழ்த்து நட்டைத் திருகினேன். விரல் நுனியால் தள்ளத் தள்ள, வெண்ணெயில் போவதுபோல அடிவரை போயிற்று. எட்டும் அப்படியே!

மாலை வேலை முடிந்ததும் ஓடிவந்தேன் வீட்டுக்கு. சத்தியமாக, சொல்லத்தான் வந்தேன். வாசலிலேயே என் கணவர் நின்றிருந்தார். “ஹவுராப் பக்கம் ஒரு கடை இருக்காம். சனிக்கிழமை ஆத்தைப் படகுலயே தாண்டிப் போவோமா? புளியோதரை கட்டிக்கோ. படித்துறையில உக்காந்து சாப்பிடலாம்.”

சொல்ல வந்த வாய்... மூடிக்கொண்டது.

பொட்டலத்தைத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்தேன். அங்கே எப்போதும் எண்ணெய் வாசம்தான். அவருக்குச் சந்தேகம் வராது. இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று. ரஹீம் பாய் கடைப்பக்கம் போகாமல், “அவர்கிட்ட ஒண்ணும் இல்லையாம்” என்று கணவரை வேறு திசையில் இழுத்துப் போனேன். குளிர்காலம் முழுவதும், வீட்டிலேயே இருந்த பொருளை இல்லாததுபோலத் தேடினேன். என் வாழ்வில் அதைவிட இனிய மாதங்கள் இல்லை! இதை எழுதும்போதுகூட உதட்டில் சிரிப்பு வருகிறது. என்னை என்னவென்று நினைப்பீர்களோ...

மேசோமஷாய் மாதம் ஒருமுறை கேட்பார்: “கிடைத்ததா, பௌமா?”

“இன்னும் இல்லை, மேசோமஷாய்.”

சித்திரைக்கு முன்னால், ஒருநாள் காலை பத்து மணி. நல்ல வெயில். மாடிப்படியின் கீழே அவருக்கு எதிரில் நான் நிற்கிறேன். அவர் என் முகத்துக்கு நேரே பார்த்து, “யார் அது?” என்றார்.

அன்று மாலையே பொட்டலத்தைக் கணவர் கையில் கொடுத்தேன். “ரஹீம் பாய் இன்னிக்குத்தான் குடுத்தார்” என்றேன். அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

சனிக்கிழமை, ரஹீம் பாய்க்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக அழைத்துப் போனார். கடைக்காரர் வியப்போடு என்னைப் பார்த்தார். “பாஞ்ச் மஹீனா பெஹ்லே தியா தா, தீதி. அபி லகாயா?” ஐந்து மாதத்துக்கு முன் கொடுத்ததை இப்போதுதான் மாட்டினீர்களா என்று கேட்டார்.

“என்ன சொல்றார்?” என்றார் என் கணவர்.

“நல்லா ஓடுதான்னு கேக்கறார்” என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ரஹீம் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேரம் பேசிப் பேசி இந்தி எண்கள் அவருக்கு அத்துப்படி. ‘பாஞ்ச்’ என்ற சொல்லா தெரியாது? இன்றுவரை அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கார் தயாராக ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் மேசோமஷாய்க்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே மிஞ்சியிருந்தன. வெள்ளை ஜிப்பா உடுத்தி, முன் இருக்கையில் அமர்ந்து, கதவை உள்ளங்கையால் தடவினார்.

“கீ ரொங், பௌமா?” புதிதாக என்ன நிறம் அடித்திருக்கிறது என்று கேட்டார்.

“பச்சை... நம் வாசல் நெட்டிலிங்க இலை, மழை ஓய்ந்ததும் இருக்குமே, அந்தப் பச்சை.”

“ஆ... பார்த்துவிட்டேன்!” என்றார், முகம் மலர.

அதன்பிறகு அவர் இருந்த மூன்று ஆண்டுகளும், ஞாயிறு மாலைகளில் மூவரும் ஏரியைச் சுற்றுவோம். என் கணவர் ஓட்டுவார். பின்னால் அமர்ந்து, படகுகளை, கால்பந்து ஆடும் பிள்ளைகளை, பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஜோடிகளை நான் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் ரசித்துக் கேட்பார்.

“போன பிறவியில் நீ என் பெண்ணாக இருந்திருப்பாய், பௌமா. இல்லாவிட்டால் யார் இப்படிச் செய்வார்கள்?” என்பார்.

நான் ஒருநாளும் மறுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன். அது அவருக்குத் தெரியாது என்று உறைத்ததும், “ஆமாம், மேசோமஷாய்” என்று வாய் திறந்து சொல்வேன்.