தவமணி அண்ணனின் இடது ஆள்காட்டி விரல்

வானொலி நண்பர்களுக்கு வணக்கம். இவ்வளவு இரவில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குழந்தை தூங்கினால்தான் எனக்குக் கை ஓயும்; அவள் தூங்கிய பிறகுதான் பயமும் வரும். எழுத்து அங்கங்கே தடுமாறினால் இந்த இரண்டையும் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல நான் உரிமம் பெற்று, வீட்டிலேயே கருவி வைத்து வானொலியில் ஊர் உலகத்தோடு பேசுகிறவள் அல்ல. போடிநாயக்கனூரில் தவமணி அண்ணனுக்கு அடுத்த வீட்டுக்காரி. உங்கள் சுற்றிதழில் அவரைப் பற்றி எழுத இடம் கொடுத்ததற்கு நன்றி. அவரைப் பற்றி எழுதுவதோடு ஓர் உதவியும் கேட்கப்போகிறேன். அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அவர் போன செய்தி எனக்கு ரயிலடியில் வந்தது. என் மகள் கவிதாவுக்கு நாலு வயது. பிறந்த எட்டாம் மாதத்தில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் காது கேட்பதில்லை. அன்று அவளை மதுரையில் டாக்டரிடம் காட்டிவிட்டு சாயங்கால ரயிலில் திரும்பினேன். தவமணி அண்ணன் அவளுக்காகச் செய்து கொடுத்திருந்த ஒரு சின்னப் பெட்டியை டாக்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதோட வரைபடம் இருந்தா அடுத்த தடவை கொண்டாங்க" என்று சொல்லியிருந்தார். அண்ணனை எப்படியாவது உட்காரவைத்து வரைந்து வாங்கிவிட வேண்டும் என்று வழி முழுவதும் நினைத்துக்கொண்டே வந்தேன். குதிரை வண்டிக்காரர் பையை வாங்கி வைத்துவிட்டு, "வெரசா ஏறு தாயி. ஒங்க பக்கத்து வீட்டு ரேடியோக்காரரு மத்தியானம் தவறிட்டாரு. நெஞ்சு வலியாம், அர மணி நேரந்தான்" என்றார். நான் மடியிலிருந்த பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவருக்காக அழாமல் பெட்டிக்காகப் பயந்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

உங்களில் பலருக்கு நான் இப்போது சொல்லப்போவது புதிதாக இருக்கும். பல வருடங்களாக நீங்கள் மோர்ஸ் தந்தி மொழியில் தட்டிப் பேசிக்கொண்டிருந்த தவமணி அண்ணனுக்குக் காது கேட்காது. முப்பது வயதில் காசநோய் வந்து, அதற்குப் போட்ட ஊசியில் நோய் போனது. கூடவே காதும் போனது. இடி, லாரி எஞ்சின் மாதிரி தாழ்ந்த சத்தங்கள் கொஞ்சம் மிச்சமிருந்தன. இதை ஏன் நண்பர்களிடம் சொல்லவில்லை என்று ஒருமுறை சிலேட்டில் எழுதிக் கேட்டேன். "யாரும் கேக்கலையே தாயி" என்று சொல்லிச் சிரித்தார்.

எழுபத்தெட்டில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் அவர் மேல் புகார் சொல்லத்தான் அந்த வீட்டுப் படியேறினேன். தினமும் காலையில் என் டிரான்சிஸ்டரில் பாட்டின் நடுவே கட்கட்டென்று ஏதோ வெட்டும். அவர்கள் வீட்டில் கீழே ஏலக்காய்க் கடை, மேலே மரப்பலகை போட்ட மச்சு. கீழே நின்று நான் கத்தினேன். ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அவர் மனைவி ராஜாத்தி மதினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கத்தாத புள்ள, தொண்டதான் வலிக்கும். அந்த மனுசனுக்கு ஜப்பான்காரன் பேசுறது வெளங்கும். அடுப்படியில பொண்டாட்டி கூப்புடுறது வெளங்காது" என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த மூங்கில் கம்பை எடுத்து மச்சுப் பலகையில் மூன்று இடி இடித்தார். இரண்டு இடி என்றால் சாப்பாடு, மூன்று என்றால் ஆள் வந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அண்ணன் இறங்கி வந்து என் கோபத்தைச் சிலேட்டில் வாங்கிப் படித்தார். மறுநாளே ஒரு கம்பிச் சுருளைக் கொண்டுவந்து என் டிரான்சிஸ்டரில் மாட்டினார். அதன்பின் பாட்டு வெட்டவில்லை.

அவர் எப்படிக் கேட்டார் என்பதை நான் அந்த மச்சில் பார்த்தேன். சட்டைப் பையில் வைக்கும் காது மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அனுப்புக் கருவியில் மோர்ஸ் தட்டும் சாவியை அழுத்தினால் அது காதுக்குள் கிறீச்சிடும். அதனால் கழற்றி வைத்துவிடுவார். பழைய ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டின் நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டியிருந்தார். வரும் ஒலியின் சுருதியை முடிந்த மட்டும் தாழ்த்தி, தகடு உறுமும்படி வைத்துக்கொள்வார். இடது ஆள்காட்டி விரல் பொத்தான் மேல் இருக்கும். வலது கை எழுதிக்கொண்டே போகும். அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிடும். பக்கத்தில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் உண்டு. அதில் முக்கி எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைப்பார். மலையில் மின்னல் இறங்கும் நாட்களில் பொத்தான் கண்டபடி துள்ளும். அன்றைக்கு வேலை கிடையாது.

அந்த விரலால் சூடான எதையும் தொடமாட்டார், ஏலக்காய் கிள்ளமாட்டார். "ஒத்த வெரலுக்கு வாக்கப்பட்டு வந்திருக்கேன்த்தா நானு. சம்பந்தி வீட்டு மாப்ள மாதிரி அதுக்கு எண்ணெ தேச்சு, தண்ணி காட்டி..." என்று மதினி சொல்லும்போது, அண்ணன் அவர் உதட்டைப் பார்த்துவிட்டு விரலை மட்டும் ஆட்டிக் கும்பிடு போடுவார்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது. கவிதாவுக்கு ஒன்றரை வயதிருக்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வீட்டில் மற்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் என் டிரான்சிஸ்டர் இருந்த மர பெஞ்சில் அவளை உட்காரவைத்தால், பாட்டு தொடங்கியதும் ஆடுவாள், நிறுத்தினால் நின்றுவிடுவாள். பிறகு என்ன வேண்டும்? நான் பி.எஸ்ஸி. படித்தவள், கண்ணால் பார்த்ததை நம்பினேன். வந்தவர்களுக்கெல்லாம் அதைச் செய்து காட்டினேன். மதுரை டாக்டரிடமும் "பாட்டுக் கேட்டா ஆடுது சார்" என்று அழுத்திச் சொன்னேன். அவரும் ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

ஒருநாள் டிரான்சிஸ்டரின் திருகு கழன்றதென்று அண்ணன் வந்தார். குழந்தை ஆடுவதை அவருக்கும் காட்டினேன். அவர் முகம் மாறியது. பாடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டரை பெஞ்சிலிருந்து தூக்கி அந்தரத்தில் பிடித்தார். கவிதா ஆடுவதை நிறுத்தினாள். பெஞ்சில் வைத்தார், ஆடினாள். மறுபடி தூக்கினார், நின்றாள். மூன்றாவது தடவை செய்ய அவருக்கும் மனம் வரவில்லை.

"தாயி, புள்ள காதால கேக்கல. பலகையில கேக்குது. எனக்கு இது தெரியும்."

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களுக்குக் கேக்கலேன்னா ஊருல யாருக்குமே கேக்கக் கூடாதா?" அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புரிந்ததா புரியவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருகை இறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மூன்று மாதம் நான் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மதுரையில் முறையாகச் சோதித்துப் பார்த்து, அவர் சொன்னதையேதான் சொன்னார்கள். தாழ்ந்த ஒலிகள் மட்டும் கொஞ்சம் மிச்சம் என்றார்கள். காது மெஷின் கொடுத்தார்கள். நான் வீணாக்கிய மாதங்களை யாரும் எனக்குக் கணக்குக் காட்டவில்லை. நானேதான் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராஜாத்தி மதினிதான் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "ஏத்தா, வீம்பு போதும். அந்த மனுசன் ஒம் மகளுக்கு என்னமோ செஞ்சுக்கிட்டு எஞ் சோலியெல்லாம் கெடுக்குறாரு. வந்து வாங்கிட்டுப் போ, என் உசிர எடுக்காத" என்றார். போனேன். அண்ணன் பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஒரு வயரின் முனையில் மைக். மேலே அதே மாதிரி ஒரு பொத்தான். பேசுகிறவர் குரல் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி, பெட்டி ஒரே தாழ்ந்த அதிர்வைக் கூட்டியும் குறைத்தும் தரும். கவிதாவின் விரலைப் பொத்தான் மேல் வைத்து, மைக்கை என்னிடம் நீட்டினார்.

"கவிதா" என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள். மறுபடி கூப்பிட்டேன். விரலை எடுக்காமலே நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு என் குரலுக்கு அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க, அப்படியே என்னையும் ஒருக்க கூப்புடச் சொல்லு அவர" என்றார்.

அண்ணன் உடனே என்னை எச்சரித்தார். "ரொம்பச் சந்தோசப்படாத தாயி. இது காது இல்ல. காதுக்குப் பக்கத்து வீடு. இங்கேருந்து எட்டிப் பாக்கலாம், அம்புட்டுத்தான்." அவர் சொன்னது சரிதான். பெட்டியில் எழுத்துக்கள் தெரியாது. சொல்லின் நீளமும் குட்டையும் அழுத்தமும்தான் தெரியும். ஆனால் காதில் மெஷினும் விரலில் பெட்டியுமாக ஒரு வருடத்தில் கவிதா பன்னிரண்டு சொற்களைப் பிரித்தறிந்தாள். தன் குரலையே மைக்கில் விட்டு விரலால் பார்த்து, "ப்பா" என்றும் "ம்மா" என்றும் சொல்லிப் பழகினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கு மேலே இருந்த அவர்கள் ஏலத் தோட்டத்துக்கு எங்களையும் ஜீப்பில் கூட்டிப்போனார். ஏற்றத்தில் ஜீப்பு குலுங்க, பெட்டியில் விரல் வைத்திருந்த கவிதா விடாமல் சிரித்தாள். "இப்ப ஜீப்புதான் பேசுது. அது எப்பவும் ஒரே விசயத்ததான் பேசும்" என்றார் அண்ணன். திரும்பி வந்ததும் பெட்டியை வாங்கிப் பிரித்து, குலுக்கலைக் குறைக்க ஏதோ ஒரு சுருளைக் கையாலேயே மாற்றிச் சுற்றினார். அப்படித்தான் அவர் வழக்கம். சனிக்கிழமை வாங்குவார், ஏதாவது மாற்றுவார், திங்கட்கிழமை தருவார். உங்களோடு பேசியதை நிமிடக் கணக்காக நோட்டில் எழுதி வைத்தவர், பெட்டிக்குள் செய்ததை ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

"ஒரு தாள்ல வரைஞ்சு வையுங்கண்ணே" என்று கடைசியாக எழுதிக் காட்டியது அவர் இறப்பதற்கு முந்திய சனிக்கிழமை. "தலையில இருக்கு தாயி. நம்ம ரேடியோ சிநேகிதர் ஒருத்தருக்கு முழுசும் தட்டி அனுப்பிருக்கேன், சுருளு எத்தன சுத்துங்கறது வரைக்கும். அவரு எழுதி வச்சிருப்பாரு. எங் கையெழுத்தவிட அவரு கையெழுத்து நல்லாருக்கும்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் மதுரைக்குப் போவதற்கான ஏற்பாட்டு அவசரத்தில் இருந்தேன்.

அவர் போய் மூன்று வாரத்தில் பெட்டி கெட்டது. யாரும் பேசாதபோதும் பொத்தான் ஓயாமல் நடுங்குகிறது. கவிதா இரண்டு நாள் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தள்ளிவிட்டாள். கடைத்தெரு ரேடியோ மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு சுருளு கருகிப் போச்சுக்கா. எத்தன சுத்துன்னு தெரியாம நான் கைய வச்சா உள்ளதும் கெட்டுப் போகும்" என்று மூடிக் கொடுத்துவிட்டார். நானும் மதினியும் மச்சு முழுவதும் தேடினோம். அவரோடு பேசியதற்கு அத்தாட்சியாக உலகத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்த அட்டைகள் இருந்தன, வரைபடம் இல்லை. நோட்டின் கடைசி இரண்டு மாதப் பக்கங்களில் நம் நாட்டு நண்பர்கள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் யாரோடு பேசினார் என்று இருக்கிறது, என்ன பேசினார் என்று இல்லை. முகவரி கிடைத்த ஐந்து பேருக்குக் கார்டு போட்டேன். தங்களிடம் இல்லை என்று ஐந்து பேரும் அன்பாகவே எழுதினார்கள். மீதி ஒன்பது பேர்.

ஜூன் மாதம் மதுரையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் கவிதாவைச் சேர்ப்பதற்குப் பார்க்கப்போகிறார்கள். பயன்படுத்தும் கருவியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு வாரமாக அவள் குரல் எழுப்புவது குறைந்துவிட்டது. நேற்று "ம்மா" சொல்லவில்லை. இன்று ஒரு தடவை உதடு மட்டும் கூட்டினாள், சத்தம் வரவில்லை. நான் மிகைப்படுத்துகிறேனோ என்று என் கணவர் கேட்கிறார். இருக்கலாம். அதனால்தான் தினமும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒன்றுதான்: நல்லதாகத் தெரிவதையும் சோதித்துப் பார்ப்பது. அவள் பின்னால் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு, எதையும் அசைக்காமல் நின்று கூப்பிடுகிறேன். திரும்பவில்லை என்றால் திரும்பவில்லை என்றே எழுதுகிறேன். அது எனக்கு ஆறுதல் தருவதில்லை. ஆனால் இன்னொரு தடவை நான் என்னை ஏமாற்றிக்கொள்ளமாட்டேன்.

அந்த நோட்டில் உள்ள ஒன்பது பேரில் நீங்கள் ஒருவராக இருந்தால், அவர் அனுப்பியதை எழுதி வைத்திருந்தால், பாதி விட்டுப்போயிருந்தாலும் அப்படியே அனுப்புங்கள். சுருளின் சுற்று எண்ணிக்கை மட்டும் இருந்தால் அதுவும் போதும். உங்களிடம் இல்லையென்றால் இல்லை என்று ஒரு கார்டு போடுங்கள். ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைத் தேடுவேன். என் முகவரி சுற்றிதழின் ஆசிரியரிடம் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.