தண்டல்காரரின் ஹாரன்

தென்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தபோது, அப்பாவின் ஆபரேஷனுக்காகத் தண்டலில் கடன் வாங்கியிருந்தேன். தினமும் சாயங்காலம் தண்டல்காரர் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பார். முதலாளிக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று, டீயைக்கூட விட்டு மிச்சம் பிடித்த நூறு ரூபாயோடு ஓடுவேன்.

கடனை முழுசாகக் கட்டி முடித்த மறுநாளும் ஹாரன் கேட்டது. பழக்கதோஷத்தில் நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். அவர் சிரித்தார்.

"பக்கத்துக் கடைக்கு வந்தேம்மா. வந்ததுதான் வந்துட்டீங்க, இன்னொரு பத்தாயிரம் தரட்டுமா? நீங்க நாணயமான பார்ட்டி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்போதுதான் கையைப் பார்த்தேன். அந்த நூறு ரூபாய் இனி என்னுடையது.

"வேணாங்க," என்றேன். "டீ சாப்பிடுறீங்களா? காசு நான் குடுக்கிறேன்."