விபூதியில் தெரிந்த விரிசல்

எங்கள் வேனின் இன்ஜினுக்கு இரண்டு ஹெட், அதாவது இன்ஜினை மேலே மூடியிருக்கும் இரும்பு மூடிகள். எட்டு வயதிலேயே எனக்கு இது தெரியும். அந்த இரண்டிலும் விரிசல் விட்டிருந்ததா இல்லையா என்பதுதான் வெகுகாலம் பெரிய குழப்பமாக இருந்தது.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட வேன் அது. முன்னால் சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. அப்பா தினமும் விடிவதற்குள் செங்கம் பக்கம் போய்க் கத்தரிக்காயும் வாழை இலையும் ஏற்றிவந்து திருவண்ணாமலை மார்க்கெட்டில் இறக்குவார். அதற்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது. அந்த வருஷக் கோடையில் அது தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆரம்பித்தது. ஊருக்குள் நுழையும்போதே ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி பறக்கும்.

அதே வாரம் அக்காவைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வரனைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. பெரியப்பா சொல்லுக்கு அப்பா மறுசொல் சொல்லி நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை வீடு ஆரணியைத் தாண்டி, பஸ் போகாத ஊர். வெள்ளிக்கிழமை நானே வேனில் வந்து அழைத்துப் போகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவுக்கோ வேலூரில் டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. கல்யாணமானால் படிப்பும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டதால், வந்த கடிதத்தைத் தாவணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரிந்தாள். அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் முறுக்குக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை மாமா வந்து வேனைப் பார்த்தார். அம்மாவின் தம்பி, செங்கம் ரோட்டுப் பட்டறையில் மெக்கானிக். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் முறைப்பெண் கணக்கு எதுவும் இதில் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சரக்கை இறக்கி வேனை வீட்டில் விட்டுவிட்டு அப்பா மார்க்கெட்டுக்குத் திரும்பியிருந்தார். ரேடியேட்டரில் சேறு அடைத்திருக்கிறது, அரை நாள் வேலைதான் என்று முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் மாமா சொன்னார். பிறகு அக்கா காபி கொண்டுபோய்க் கொடுத்து, தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினாள். மாமா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாரே தவிர குடிக்கவில்லை. அக்கா உள்ளே போனதும் இரண்டு ஹெட்டையும் கழற்றிக் கோணிமேல் வைத்தார்.

தோசைக்கல்லை நாலைந்தாக அடுக்கியது போலக் கனத்த இரும்பு. மாமா அவற்றைச் சுத்தமாகத் துடைத்தார். அப்பா வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு துடைப்பக் குச்சியைக் கிரசினில் தோய்த்து, ஹெட்டின் அடிப்பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தார். இன்னொரு ஹெட்டிலும் அப்படியே. கறுத்த இரும்பில் அது தெரியவே இல்லை. எதுக்கு மாமா என்று கேட்டேன். சும்மா இரு பாப்பா, போய் அப்பாவைக் கூப்பிடு என்றார்.

ஹெட்டில் விரிசல் விட்டாலும் தண்ணீர் கொதிக்கும், அதைப் பார்க்கப் பட்டறையில் ஒரு வழி உண்டு என்று மாமா அப்பாவுக்கு விளக்கினார். கிரசினைப் பூசித் துடைத்துவிட்டுப் பொடியைத் தூவினால், விரிசலுக்குள் போன கிரசின் கசிந்து பொடியை நனைத்துக் காட்டிக் கொடுத்துவிடுமாம். வழக்கமாகச் சுண்ணாம்புப் பொடிதான். மாமா என்னைச் சாமி மாடத்திலிருந்து விபூதித் தட்டை எடுத்துவரச் சொன்னார்.

"உங்க கையாலயே தூவுங்க," என்று மாமா தட்டை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தூவினார். வெள்ளையில் மெல்ல ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. அடுத்ததிலும் எழுந்தது. அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற அக்காவையும் பார்த்தார்.

"ஜாஸ்தியாவே விட்டிருக்கு," என்றார்.

புது ஹெட் மதராஸிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார் மாமா. சாயங்காலம் பெரியப்பா வந்தார். வேறு வண்டி பிடிக்கலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். விபூதியில் தெரிந்த கோட்டைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்ல காரியத்துக்குப் புறப்பட இருந்த வண்டி இப்படிப் படுத்துக்கொண்டால் அதற்குமேல் என்ன சகுனம் வேண்டும்? ஆள் போய்ச் சொன்னதும் மாப்பிள்ளை வீட்டாரும் அதையே சொல்லி விலகிக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோடு போட்டது மாமா. காட்டிக் கொடுத்தது விபூதி. அப்படியானால் விரிசல் விட்டது எப்போது? மறுநாள் நானே சோதித்தேன். பித்தளைக் குடத்தில் கிரசினால் ஒரு கோடு இழுத்து விபூதியைத் தூவினேன். கோடு பளிச்சென்று எழுந்தது. அம்மாவிடம் ஓடி, குடத்திலும் விரிசல் என்றேன். அம்மா பதறிப்போய்க் குடத்தில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். மாமா செய்ததைச் சொன்னேன்.

உள்ளே அக்கா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி மாதக்கணக்காகியிருந்தது. அம்மா குடத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அப்பாகிட்ட இத சொன்னேனு வெச்சுக்க, தோல உரிச்சுடுவேன்," என்றாள். சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்காகச் சுட்ட முறுக்கில் நாலை எடுத்து என் பாவாடையில் போட்டாள்.

பத்து நாள் கழித்து அலுமினியத்தில் இரண்டு ஹெட் வந்தன. இதில் சோறு வடிக்கலாம் போலிருக்கிறதே என்றாள் அம்மா. இரும்பைவிட இது சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும் என்று மாமா பெருமையாகச் சொல்லிக்கொண்டே, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கையோடு ரேடியேட்டரையும் கழுவிவிட்டார். அப்புறம் வேன் கொதிக்கவே இல்லை. எல்லாம் புது ஹெட்டின் மகிமை என்றார்கள்.

வரனும் தட்டிப்போச்சு, சும்மா இருக்கிறதுக்குப் படிக்கட்டுமே என்று அப்பா பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அக்கா தன் டிரங்குப் பெட்டியோடு அதே வேனில் வேலூர் போனாள்.

அவளை விட்டுவிட்டு வந்த மறுநாள், அப்பா பழைய ஹெட் இரண்டையும் வெயிலில் காயவைத்தார். துரு ஏறாமல் கிரீஸ் தடவி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்ற ஆரம்பித்தார். பரணில் வைக்கப் போகிறாராம், எப்போதாவது உதவுமாம். சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய் துடித்தது. அம்மா உரிக்கப்போகும் தோலை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"இது விரிசல் விட்டதுதானேப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமா, விட்டதுதான்," என்றார் அப்பா. கோடு இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கிரீஸை வழித்துத் தடவினார்.

பாவம், அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.