மஞ்சள் தண்ணீரைத் தாங்கிய எழுத்து

வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷன் கடையில் இரண்டு வருடம் வேலை செய்தேன். அங்கே தொலைபேசி எடுக்க வருபவர்கள்தான் அதிகம். மூலையில் இருந்த கணினியும் லேசர் பிரிண்டரும் என் பொறுப்பு. வேறு யாரும் அவற்றைத் தொட்டால் எனக்குக் கோபம் வரும். பிரிண்டரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று கடையில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அந்த நாட்களில்தான் ஓர் அக்கா லேபல் அடிக்க வந்தார். கொக்கிளாய்ப் பக்கத்தவர். போரில் பல இடம் மாறிக் கடைசியாக வவுனியா அகதி முகாமில் இருந்துவிட்டு, மகளோடு ஒரு வாடகை அறைக்கு வந்திருந்தார். கூனி இறாலை வறுத்து, காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்து, சின்னப் பொலித்தீன் பைகளில் விற்றார். கடைத்தெருவில் ஒரே ஒரு முதலாளிதான் அவற்றைத் தொங்கவிடச் சம்மதித்தார். அதுவும் பையின் தலைப்பில் மினுங்கும் லேபல் இருக்கவேண்டும், அது அழுக்காகத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தக் கடையும் கைவிட்டால் திரும்ப முகாம்தான் என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

நான் பெரிய எழுத்தில் 'கூனித்தூள்' என்று அடித்து, பக்கத்தில் ஓர் இறால் படமும் போட்டேன். கணினியில் இருந்த படம் அது. பார்ப்பதற்குப் பூரான் போல இருந்தது. மினுங்கும் தடித்த ஆர்ட் பேப்பரில் அடித்துக் கொடுத்தேன். அதை அவர் இரண்டாக மடித்துப் பையின் வாயில் வைத்து ஸ்டேப்ளர் அடிப்பார்.

ஐந்தாம் நாள் பைகளோடு திரும்பி வந்தார். 'கூனித்தூள்' என்பதில் பாதிதான் மிஞ்சியிருந்தது. மடிப்பில் எழுத்து வெடித்து உதிர்ந்திருந்தது. முதலாளி காலையில் கடை திறந்ததும், வாசலில் தொங்கும் சாமான்களுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குவாராம். அந்தத் துணியோடு எழுத்தும் போய்விட்டது.

சாதாரண வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்தேன். எழுத்து அசையவில்லை. ஆனால் தாள் மஞ்சளைக் குடித்து, மூன்று நாளில் பழைய கட்டுத்துணி மாதிரி ஆனது. முதலாளி இரண்டாம் முறையும் பைகளைத் திருப்பி அனுப்பினார். திரும்பவும் ஆர்ட் பேப்பருக்குப் போய், மேலே மரத்துக்குப் பூசும் வார்னிஷைத் தடவினேன். அழகாக மினுங்கியது, எழுத்தும் நின்றது. ஆனால் பையைத் திறந்தால் கூனி மணக்கவில்லை, புது அலுமாரி மணந்தது. அந்தத் தூளை அக்கா கொட்டிவிட்டார்.

டோனர் என்பது மை அல்ல, கறுப்புத் தூள். பிரிண்டருக்குள் இருக்கும் சூடான உருளைதான் அதை உருக்கித் தாளோடு ஒட்டவைக்கிறது. தாள் தடிப்பாக இருந்தால் சூடு கூடுதலாக வேண்டும். போதாவிட்டால் தூள் தாளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருவது அதனால்தான்.

வார்னிஷ் மணத்தைச் சொல்ல அக்கா வந்த அன்று கடையில் ஏழெட்டுப் பேர் தொலைபேசிக்குக் காத்திருந்தார்கள். அக்கா என்ன செய்யலாம் என்று மெதுவாகத்தான் கேட்டார். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"உங்கட கையிலதான் பிழை அக்கா," என்றேன். "எண்ணெயில வறுத்த கையோட லேபலைப் பிடிக்கிறியள். பிறகு எப்படி எழுத்து நிக்கும்?"

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். கழுவித்தான் பிடிப்பதாகச் சொன்னார். அது காணாது, இன்னும் நன்றாகக் கழுவவேண்டும் என்றேன். முதலாளி இன்னும் ஒரே ஒரு தடவைதான் பார்ப்பாராம் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தடித்த அட்டையில் சான்றிதழ் அடிக்க வேண்டியிருந்தது. அட்டை சிக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று பிரிண்டரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். தாளின் வகை என்ற இடத்தில் 'சாதாரணம்' என்று இருந்தது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. 'தடித்தது' என்று மாற்றினேன். இயந்திரம் மெதுவாக இழுத்தது. வெளியே வந்த அட்டையைக் கையில் பிடிக்க முடியாத சூடு. நகத்தால் சுரண்டினேன், எழுத்துப் போகவில்லை. ஓர் ஆர்ட் பேப்பரில் 'கூனித்தூள்' அடித்து, ஈரத்துணியால் இருபது தரம் துடைத்தேன். ஒரு கீறலும் இல்லை.

மடிப்பு விழும் இடத்தை வெறுமையாக விட்டு, லேபல் கட்டு முழுவதையும் புதிதாக அடித்தேன். பின்னேரம் அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனார். இந்த முறை வேறு மாதிரி அடித்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பிரிண்டரில் நான் விட்ட பிழையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எழுத்து நின்றால் போதும், மற்றதெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்து நின்றது. முதலாளி இன்னும் கூடப் பைகள் கேட்டிருக்கிறார். மூன்று வாரம் கழித்து அக்கா எனக்கென்று ஒரு பை கூனித்தூளோடு வந்தார். அதை மேசையில் வைத்தபோதுதான் அவருடைய விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் தோல் உரிந்து, வெடிப்புகள் சிவந்திருந்தன.

"நீங்கள் சொன்னதுதான் சரி தங்கச்சி," என்றார். "இப்ப லேபலைத் தொட முதல் ஒவ்வொருக்காலும் தேசிக்காய்ப் புளியும் சவுக்காரமும் போட்டுத் தேய்ச்சுக் கழுவுறன். மிளகாய் பட எரியுதுதான். ஆனா எழுத்து நிக்குது. அண்டைக்கு உங்களை எதிர்த்துக் கதைச்சதைக் குறை நினைக்காதேங்கோ."

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் பையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தேன்.

"ஓம் அக்கா," என்றேன். "அப்படியே செய்யுங்கோ."